ரிஜெக்ட்டில் போன சிவப்புக் கட்டை

எண்பதுகளில் ஆம்பூருக்குத் தோல் வாங்க வந்த ஒரு ஜெர்மன்காரர், அப்பாவுக்குக் கொடுத்த பில்டிங் செட் அது. அதன் பிளாஸ்டிக் கட்டைகளை அளவுவாரியாக டப்பாக்களில் பிரித்து வைத்திருந்தேன்.

இன்று நான் கடைக்குப் போன நேரத்தில் தோஸ்த் அன்வர் ‘உதவி’ செய்திருக்கிறான். தோல் கம்பெனியில் செலக்‌ஷன், அதாவது தோலைத் தரம் பிரிக்கும் வேலை, பார்த்தே ரிட்டையர் ஆனவன். எல்லாவற்றையும் கொட்டி, நிறம் பார்த்து, கீறல் பார்த்துப் பிரித்துவிட்டான்.

“பல்லு பதிஞ்ச சிவப்புக் கட்டை எங்கடா?”

“டேமேஜ் பீஸ்பா அது, ரிஜெக்ட். பேரணாம்பட்டு குடம் கம்பெனிக்கு உருக்கப் பழைய பிளாஸ்டிக் எடுக்கறவன் வந்தான், குடுத்துட்டேன். இன்னா இப்போ?”

ஐந்து வயதில் இறந்துபோன என் தம்பி கடித்த கட்டை அது. அவனுடையதென்று வேறு எதுவும் வீட்டில் இல்லை.

அன்வருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

பேரணாம்பட்டுப் பக்கம் யாராவது சிவப்புக் குடம் வாங்கினால், எங்காவது பல் தடம் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.