தொடாமல் வந்த அரிப்பு

இதை எழுதும்போதும் இடது முழங்கை மடிப்பு அரிக்கிறது. பேனாவை வைத்துவிட்டுச் சொறிந்த பிறகுதான் அடுத்த வரிக்கு வர முடிகிறது. சில வருடங்களாக என் பிழைப்பு இதுதான்.

தங்கை பிரசவத்துக்குத் தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே ஆசையாகக் கையை நீட்டினேன். அம்மா குறுக்கே வந்தாள்.

"தூக்காதட்டி. பச்சப்பிள்ளைக்கு ஒட்டிக்கிடும்."

தங்கை குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அம்மாவுக்குத் தெரிந்த வைத்தியம் குற்றாலம் ஒன்றுதான். மூலிகையில் பட்டு வரும் தண்ணீர் எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடுமாம். சாரல் தொடங்கியதும் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து ஐந்தருவிக்கு இழுத்துப் போனாள். அருவியடியில் நின்றவரை சொர்க்கம். அந்தக் குளிரில் அரிப்பு வாயை மூடிக்கொண்டு கிடந்தது. திரும்பும் பஸ் மேலகரம் தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டது. வீட்டில் பிசுக்குப் போகச் சீயக்காய் போட்டு வேறு அழுத்தித் தேய்த்தாள். ரத்தம் வரச் சொறிந்தேன்.

தோல் டாக்டரம்மா என் கையைப் பார்த்துவிட்டு, இப்படியா சொறிவது என்று கத்தினார்.

"அலர்ஜி மாத்திரை தினமும் போடுதேன் டாக்டர். கேக்கவே மாட்டேங்கு."

"அது ஹிஸ்டமின்ங்கிற ரசாயனத்தைத்தான் அடக்கும். ஒங்களுக்கு அரிப்பு வர்ற வழி வேற."

அவர் சொன்னதில் எனக்குப் புரிந்தது இவ்வளவு. என் தோலின் மேல்படலம் விரிசல் விட்டிருக்கிறது. அதன் வழியே தூசி நுழைகிறது. நோய் எதிர்ப்பு அணுக்கள் பதறிப்போய்ச் சில புரதங்களைக் கொட்டுகின்றன. அவை நேரே நரம்பு நுனிகளைச் சீண்டுகின்றன. சொறிந்தால் விரிசல் பெரிதாகும், மறுபடி தூசி. நாள்பட நரம்புக்கும் என்னைப் போலவே மூக்குநுனியில் கோபம் வந்துவிடும். சட்டை உரசினாலே போதும்.

"இது ஒட்டுமா?"

"ஒட்டவே ஒட்டாது. குடும்பத்துல வரும், அவ்வளவுதான்."

ஒட்டாது என்ற பாதியைத்தான் காதில் வாங்கினேன். வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். "டாக்டர் சொன்னா ஆச்சா?" என்று தூளியை ஆட்டப் போய்விட்டாள்.

குழந்தைக்குத் தலை நின்ற சமயம், கன்னங்கள் சிவந்து சொரசொரவென்று ஆயின. தங்கையின் தோளில் முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழுதது. அம்மா என்னைப் பார்த்தாள்.

"தொட்டியாட்டி?"

"நீ எங்க தொட விட்ட?" வீடே அதிரக் கத்தினேன்.

அதே டாக்டரிடம்தான் போனோம். குடும்பத்தில் யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார். தங்கை என்னைப் பார்த்தாள். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே, "சின்னதுல எனக்கும் முட்டிக்குப் பின்னால இப்படித்தான் அரிக்கும்" என்றாள்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் தங்கை குழந்தையை என் மடியில் போட்டாள். "நீ வச்சுக்கோக்கா. ஒனக்குத்தான் தெரியும்."

எத்தனை ஆசைப்பட்டேன் இதற்கு. சந்தோஷப்பட முடியவில்லை, அழுகைதான் வந்தது. கன்னத்தைப் பிறாண்டப் போன பிஞ்சு விரல்களைப் பிடித்துக்கொண்டேன். என் முழங்கை அரித்துக்கொண்டே இருந்தது. என் இரண்டு கைகளும் குழந்தையிடம் இருந்தன.