இஸ்திரிப் பெட்டியும் விரல் பள்ளங்களும்

அந்தக் கடைக்கு ஒரே கதவு, உள்ளே இரண்டு தொழில். இடது பக்கம் மடித்து அடுக்கிய சட்டைகள், வலது பக்கம் கழுத்தில்லாமல் தொங்கும் கிட்டார்கள். பெண்டாட்டி துணி தேய்ப்பவள், புருஷன் கிட்டார் பழுது பார்ப்பவர். இஸ்திரியும் மேஸ்திரியும் என்று தெருவே கேலி செய்யும். அவள் கோபித்துக்கொண்டதில்லை. "பேரு வெச்சவன் நாளைக்குக் கசங்குன சட்டையைத் தூக்கிக்கிட்டு எங்கிட்டதானே வரணும்" என்பாள்.

கல்யாணமான புதிதில் மேஸ்திரி ஒரு காரியம் செய்தார். கிட்டார் கழுத்தின் மேல், விரல் வைத்து அழுத்துவதற்கென்று நீளமாக ஒரு மெல்லிய பலகை ஒட்டியிருக்கும். அதைக் கழற்றச் சூடு வைத்துப் பசையை இளக்க வேண்டும். மனுஷன் கேட்காமல் கொள்ளாமல் அவளுடைய இஸ்திரிப் பெட்டியை எடுத்துப்போய் வேலையை முடித்துவிட்டு, அடியெல்லாம் பசையோடு திருப்பி வைத்துவிட்டார். அடுத்து அவள் தேய்த்தது ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டை. சட்டை கருகியது. அன்றைக்கு அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"இனிமே சூடு வைக்கிற வேலை என்னோடது. பெட்டியைத் தொட்டீங்க, அவ்வளவுதான்!"

அன்று முதல் சூடு அவள் கையில், பலகையைப் பெயர்க்கும் கத்தி அவர் கையில். பட்டுக்கு எவ்வளவு, பருத்திக்கு எவ்வளவு என்று பழகிய உள்ளங்கை மரத்துக்கும் பழகிவிட்டது. பலகைக்கு மேலே கையை நீட்டிப் பார்த்து, "ம், இப்போ கத்தியைப் போடுங்க" என்பாள். கத்தி வெண்ணெயில் போவது மாதிரி போகும்.

ஒரு நாள் காலையில் பஸ் டிரைவர் ஒருவர் கிட்டாரோடு வந்தார். கழுத்து மரத்தைப் பூச்சி உள்ளேயே அரித்திருந்தது. கை வைத்தால் மாவாக உதிர்ந்தது. மேலே ஒட்டியிருந்த பலகை ஈட்டி மரம். அதில் மட்டும் பூச்சி பல் வைக்கவில்லை.

"புதுக் கழுத்து போடுங்க மேஸ்திரி. ஆனா இந்தப் பழைய பலகைதான் வேணும்."

"எதுக்குங்க? பலகையும் புதுசாவே போட்டுத் தரேன், பளபளன்னு இருக்கும்."

டிரைவர் இவள் பக்கம் திரும்பினார். "நீங்க கொஞ்சம் தடவிப் பாருங்கம்மா."

இஸ்திரி தடவினாள். குறுக்கே பதித்த கம்பிகளுக்கு நடுவே, இங்கொன்றும் அங்கொன்றுமாக, விரல் நுனி அளவுக்குப் பள்ளங்கள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய பெட்டியின் மரப்பிடியில் கட்டைவிரல் பதிந்து பதிந்து அப்படித்தான் ஓர் இடம் குழிந்திருந்தது.

"எங்க அக்கா வாசிச்சது" என்றார் டிரைவர். "சின்ன வயசுலேர்ந்து. போன வருஷம் மூளையில என்னமோ அடைப்பு. கை கால் தப்பிச்சுது, நெனப்பு போச்சு. என்னைப் பார்த்து, 'வாங்க, யாரைப் பார்க்கணும்?'ங்கறா. ஆனா இதைக் கையில குடுத்தா, விரல் தானா போய் அந்தப் பள்ளத்துல உட்காருது. வாசிக்கிறா. முடிச்சதும் கொஞ்ச நேரத்துக்கு என்னைத் தெரியுது. 'டேய்'ங்கறா. புதுசு ஒண்ணு வாங்கிக் குடுத்தேன். யாரோ பெத்த பிள்ளை மாதிரி நகர்த்தி வெச்சுட்டா." கிட்டாரை மேஸ்திரி கையில் கொடுத்தார். "அந்த ஒரு டேய்க்காகத்தான் கேக்கறேன்."

அவர் போன பிறகு மேஸ்திரி தந்திகளைக் கழற்றினார்.

வேலை தொடங்கியது. ஆரம்பத்தில் கத்தி ஒரு தரம் வழுக்கி, அதன் பிடி இடித்து, பலகையின் ஓரம் அமுங்கிச் சின்னதாக ஒரு வடு விழுந்தது. "பார்த்துங்க!" என்று அதட்டினாள். பாதி வரை நல்லபடியாகக் கழன்றது. அவள் மனசெல்லாம் அந்த அக்காவிடம் இருந்தது. 'யாரைப் பார்க்கணும்' என்று கூடப் பிறந்தவனையே கேட்பாளாமே! நினைத்துக்கொண்டே இடது கை பக்கத்துக் கிண்ணத்துக்குப் போனது, தண்ணீரைத் தொட்டது, பலகை மேல் தெளித்தது. காலமெல்லாம் துணிக்குத் தெளித்த கை, அதற்கு என்ன தெரியும்? வலது கை பெட்டியை மேலே வைத்து அழுத்தியது.

புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"அடிப்பாவி!"

மிச்சப் பசையும் விட்டுக்கொடுத்து, பலகை முழுசாகக் கையோடு வந்தது. வந்ததும் வில்லாக வளைந்தது. வளைவு கூடப் பெரிதில்லை. மேஸ்திரியின் முகம் வெளுத்ததற்குக் காரணம் வேறு. கிட்டாரில் எங்காவது அடிபட்டுக் குழி விழுந்தால் அவர் செய்யும் வைத்தியமே அதுதான்: ஈரம் வைத்துச் சூடு கொடுப்பார், மரம் உப்பிக்கொண்டு குழி மேலே வந்துவிடும்.

"பள்ளமெல்லாம் எழும்பிடுமேடி!"

அவள் பெட்டியைத் தள்ளி வைத்தாள். "அடுத்த பக்கமும் நனைங்க. ஒரு பக்கம் மட்டும் நனைஞ்சா காலரே சுருட்டிக்கும்" என்றாள். அடியையும் நனைத்து, இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து, கிளாம்ப் போட்டு இறுக்கி ஓரமாக வைத்தார்கள். தடவிப் பார்க்க இருவருக்கும் தைரியம் வரவில்லை.

அது காயும் வரை வீட்டில் சோறு இறங்கவில்லை. மேஸ்திரி புதுக் கழுத்தைச் செதுக்கினார். இஸ்திரி இன்னொரு சட்டையைக் கருக்கினாள். இந்தத் தரம் யாரைத் திட்டுவது?

கிளாம்பைப் பிரித்தார்கள். பலகை நேராக இருந்தது. மேஸ்திரி ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். கத்தி போட்ட வடு இருந்த இடமே தெரியவில்லை, சுத்தமாக எழும்பி மறைந்திருந்தது. அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "போச்சு."

இஸ்திரி கண்ணை மூடிக்கொண்டு, வருவது வரட்டும் என்று விரலை வைத்தாள். பள்ளம் இருந்தது. அடுத்தது? இருந்தது. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள். ஒன்று கூட எழும்பவில்லை.

"இருக்குங்க! ஐயோ, எல்லாமே அப்படியே இருக்குங்க!"

மேஸ்திரி பிடுங்கித் தடவினார். வெகு நேரம் தடவினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அமுங்குன மரம்தாண்டி எழும்பும். இது தேஞ்ச மரம். எழும்ப அங்க மரமே இல்ல. அந்தம்மா விரலோட போயிடுச்சு."

இஸ்திரிக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. பூச்சியின் பல் இறங்காத மரம்! அதைச் சதையாலான ஒரு விரல், பாட்டு வாசித்தே தின்றிருக்கிறது. இனி யார் என்ன சூடு வைத்தாலும் அதை நிரப்ப முடியாது.

பலகையைப் புதுக் கழுத்தில் ஒட்டி, தந்தி கட்டியதும் டிரைவர் தன் அக்காவைக் கடைக்கே கூட்டி வந்தார். நரைத்த தலை, நல்ல சிரிப்பு. சட்டை அடுக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தம்பியைக் காட்டி, "இவரு யாரு, உங்க சொந்தமா?" என்று இஸ்திரியிடம் கேட்டாள். டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கிட்டாரை மடியில் வைத்தார்கள். புதுக் கழுத்தின் முதுகை அந்தக் கை தடவியது, தயங்கியது, நின்றது. கிட்டாரை நகர்த்திவிடுவாளோ என்று இஸ்திரி ஓரடி முன்னால் வந்தாள். பிறகு விரல்கள் முன்பக்கம் வந்தன. ஒன்று இறங்கியது. பின்னாலேயே மற்றவையும் இறங்கி, வீட்டுக்கு வந்தவர்கள் அவரவர் இடத்தில் உட்காருவது போல உட்கார்ந்தன.

வாசித்தாள். என்ன பாட்டென்று இஸ்திரிக்குத் தெரியாது. பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள். எதிர்க்கடையில் தையல் மிஷின் நின்றுபோனது.

பாட்டு முடிந்தது. அக்கா தலையைத் தூக்கித் தம்பியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"டேய்" என்றாள். "என்னடா இது, சட்டை இப்படிக் கசங்கிக் கிடக்கு? கழட்டி இந்தம்மாகிட்ட குடுடா."

டிரைவர் அங்கேயே, அழுதுகொண்டே, பொத்தான்களைக் கழற்றி, சட்டையைக் கொடுத்துவிட்டுப் பனியனோடு நின்றார். இஸ்திரி சட்டையை விரித்தாள். இடது கை கிண்ணத்துக்குப் போய், பயந்து பாதியில் நின்றது.

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுக்குத் தாராளமா தெளிடி" என்றார்.