பிரேக் பிடிக்காத பஸ்

இனி வண்டி ஓட்டவேண்டாம் என்று அப்பாவிடம் கிளினிக் டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் காலுக்கு இறங்கிவிட்டது, பாதத்தில் உணர்ச்சி குறைந்துவிட்டது என்று அவர் பொறுமையாக விளக்கினார். அப்பா மிக மரியாதையாகத் தலையாட்டினார். வெளியே வந்து செருப்பை மாட்டும்போது, "அந்தாளுக்கு வண்டி ஓடத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையில் தனியார் பஸ் ஓட்டியே எங்களை வளர்த்தவர் அவர். பஸ்ஸை விட்டபிறகு ஒரு பழைய வேனை வாங்கி, அலுவிகாரையிலிருந்து டவுன் பள்ளிக்கூடங்களுக்குப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். டாக்டர் சொன்னது பள்ளி விடுமுறைக் காலத்தில். வேன் வீட்டு வாசலில் சும்மா நின்றது. "ஸ்கூல் தொறந்தா பிள்ளைங்கள ஏத்தத்தானே வேணும்" என்பது அப்பாவின் முடிவு. அம்மா அழுது பார்த்தார். கட்டாரில் வேலை செய்யும் தம்பி தொலைபேசியில் கத்திப் பார்த்தான். நான் பேசாமலிருந்து பார்த்தேன். ஒன்றும் எடுபடவில்லை. பள்ளி திறப்பதற்குள் அவரை அந்த வேனிலிருந்து எப்படி இறக்குவது என்பதைத் தவிர எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

நான் டவுனில் ஒரு தனியார் வகுப்பில் கணினி கற்றுக்கொடுக்கிறேன். வீட்டுக் கணினியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மட்டும்தான். கொள்கை, இலட்சியம் என்றெல்லாம் பெரிதாக ஒன்றுமில்லை, வெறும் கோபம். பழைய மடிக்கணினி ஒன்றை வாங்கியிருந்தேன். அதில் யாரோ போட்டிருந்த களவு விண்டோஸ் ஒருநாள் கறுப்புத் திரையைக் காட்டி, நான் யார், எந்த உரிமையில் இங்கே இருக்கிறேன் என்று விசாரிக்கத் தொடங்கியது. என் வீட்டுக்குள் இருந்துகொண்டு என்னையே விசாரிக்கும் பொருள் எனக்கு வேண்டாம் என்று அன்றே அதைத் துடைத்தெறிந்தேன். அதன்பிறகு நான் பட்ட பாட்டையெல்லாம் யாரிடமும் சொல்லவில்லை. கேட்பவர்களிடம் லினக்ஸைப்போல வருமா என்பேன்.

கண்டியில் ஒருவர் வெளிநாடு போகிற அவசரத்தில் விளையாட்டு ஸ்டியரிங் ஒன்றை விற்பதாக இணையத்தில் பார்த்தேன். மேசையில் பூட்டித் திருப்பும் வட்டும், தரையில் வைக்கும் பெடல்களும் சேர்ந்தது. பஸ் ஓட்டும் விளையாட்டு ஒன்றையும் போட்டுக்கொடுத்தால், அப்பா ஆசைதீர வீட்டுக்குள்ளேயே ஓட்டிவிட்டு வேனை மறந்துவிடுவார் என்று நினைத்தேன். அசட்டு யோசனைதான். மற்றவர்களின் யோசனைகள் இதைவிட அசடாக இருந்தன.

பெட்டியைப் பிரித்துப் பூட்டி முடித்ததும் அப்பா உட்காரப் போனார். அம்மா விடவில்லை. "புதுசா ஒரு ஸ்டியரிங் வீட்டுக்கு வந்திருக்கு, சும்மா தொடலாமா?" என்று உள்ளே போனவர், சந்தனம், குங்குமம், தேசிக்காயோடு திரும்பி வந்தார். வட்டின் நடுவில் பொட்டு வைத்தார். புது வண்டியின் டயருக்கு அடியில் வைக்கும் தேசிக்காயை, இங்கே டயர் இல்லாத குறைக்கு பிரேக் பெடலுக்கு அடியில் செருகினார். "இந்தாங்க, நல்லா மிதிங்க." அப்பா மிதித்தார். தேசிக்காய் வெடித்துச் சாறு அம்மாவின் சேலைவரை தெறித்தது. கிளினிக்குக்குப் போய்வந்தபிறகு அப்பா சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

அதன்பிறகு என் பாடு தொடங்கியது. ஸ்டியரிங் வந்த பெட்டியின் மேல், அது எந்தெந்த இயந்திரங்களோடு வேலை செய்யும் என்று அச்சடித்திருந்தார்கள். என் இனமான லினக்ஸ் அதில் இல்லை. செருகிப் பார்த்தால் லினக்ஸ் அதை ஏதோ மலிவான ஜாய்ஸ்டிக் என்று எடுத்துக்கொண்டது. வட்டைக் கொஞ்சம் திருப்பினாலே முழுதாகத் திருப்பியதாகக் கணக்கெடுத்தது. ஆக்ஸிலேட்டரையும் பிரேக்கையும் அது ஒரே கோட்டின் இரண்டு முனைகளாகப் படித்தது. ஒன்றை மிதித்தால் கோடு மேலே போகும், மற்றதை மிதித்தால் கீழே வரும், இரண்டையும் மிதித்தால் ஒன்றையும் மிதிக்காத மாதிரி நடுவில் நிற்கும்.

இதே ஸ்டியரிங்கை வைத்திருந்த யாரோ ஒரு புண்ணியவான், எந்த நாட்டில் இருக்கிறாரோ, தனக்காக ஒரு சிறு நிரல் எழுதி எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்திருந்தார். அதை என் கணினியில் கட்டியெழுப்பப் பார்த்தால், இது இல்லை, அது பழசு, மற்றது பொருந்தாது என்று பக்கம் பக்கமாகக் குறை சொன்னது. ஒருவழியாகச் சரிவந்த அன்று லினக்ஸ் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது, நிரல் செத்தது, மறுபடி முதலிலிருந்து கட்டினேன். விளையாட்டோ விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது. அது சொல்வதை லினக்ஸுக்குப் புரியவைக்க நடுவில் இன்னொரு மென்பொருள். அதற்கும் தனியாக ஒரு வாரம் மாரடித்தேன்.

"அக்கா, ஒரு விண்டோஸப் போட்டா டீ குடிக்கிற நேரத்துல முடியிற வேலை" என்றான் தம்பி.

"நீ அங்க ஒன் வேலையப் பாரு" என்றேன்.

கடைசியில் பெடல்கள் தனித்தனியாகப் பிரிந்தன, வட்டு ஒழுங்காகச் சுழன்றது. அப்பாவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். என்ஜின் உறுமியது, பயணிகள் ஏறினார்கள், பஸ் மட்டும் அசையவில்லை. நான் கணினியின் பிழைப் பதிவுகளைத் தோண்டினேன். அந்த நிரலைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் இணையக் குழுவில் நீளமாக முறைப்பாடு எழுதினேன். நிரலை எழுதியவரே ஒரு வரியில் பதில் போட்டார். கதவு மூடியிருக்கிறதா என்று கேட்டிருந்தார். திறந்துதான் இருந்தது.

"கதவ மூடிக்கிட்டு எந்த ஊர்ல பஸ் ஓடுறாங்க?" என்றார் அப்பா. எனக்கும் அது தோன்றாமல் போனதற்குக் காரணம், நானும் இந்த ரோட்டில் பஸ் ஏறி வளர்ந்தவள் என்பதுதான்.

கதவை மூடியதும் பஸ் நகர்ந்தது. அப்பாவின் கைகளை அன்றுதான் ஒழுங்காகக் கவனித்தேன். வளைவுகளில் வட்டு அவர் உள்ளங்கைக்குள் தானாக வழுக்கி ஓடியது. எதிரே வந்த லொறிக்காரனைச் சிங்களத்தில் திட்டினார். கையைக் காட்டாத பயணிக்கும் நின்று பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு எனக்குக் கண் காட்டினார். யோசனை பலித்துவிட்டது என்றே நம்பினோம்.

ஆனால் நிறுத்தங்களில் பஸ் நிற்கவில்லை. சிலசமயம் நின்றது, சிலசமயம் தாண்டிப் போனது, சிலசமயம் முன்னால் நின்ற காரின் முதுகில் ஏறியது. "பிரேக் பிடிக்கல புள்ள" என்றார் அப்பா. உடனே நம்பினேன். ஊர் முழுக்க லினக்ஸைத் தூக்கிப் பிடிப்பவள்தான், ஆனால் வீட்டில் எது பழுதானாலும் என் மனம் முதலில் சந்தேகப்படுவது அதைத்தான். வகுப்பு விட்டு வந்ததும் ஒவ்வோர் அமைப்பாக மாற்றினேன். நிரலைப் பழைய பதிப்புக்குக் கொண்டுபோனேன், புதியதற்குக் கொண்டுவந்தேன். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அந்தப் புண்ணியவானிடமே போனேன்.

பெடலுக்குள் ஏதாவது திரவம் போனதா என்று கேட்டார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. எங்களை என்ன நினைத்துக்கொண்டார் என்று முணுமுணுத்தபடி பெடலைத் தூக்கிக் கவிழ்த்தேன். தேசிக்காய் வாசம் வந்தது. உள்ளே ஒரு விதை காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. தேசிக்காய்ச் சாறு என்று எழுதி அனுப்பினேன். அது எப்படி அங்கே போனது என்று கேட்டார். பாதுகாப்புக்காக வைத்தோம் என்று பதில் போட்டேன். அதற்குமேல் அவர் கேட்கவில்லை.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்தேன். பிசுபிசுப்புப் போய் பெடல் பூப்போல இறங்கியது. ஆனாலும் அப்பா ஓட்டினால் பிரேக் பிடிக்கவில்லை.

அதற்குள் விடுமுறை முடிய வந்துவிட்டது. அப்பா விளையாடிவிட்டு எழும்பினால் நேரே வேனிடம் போனார். ஒயில் பார்த்தார், கண்ணாடி துடைத்தார், டயருக்குக் காற்றடித்தார். ஒரு நாள் பிள்ளைகளின் அம்மாமாருக்குத் தொலைபேசி எடுத்து, திங்கட்கிழமை வழக்கமான நேரத்துக்குத் தயாராக நிற்கச் சொன்னார். வேனை மறக்கடிக்க வாங்கிய சாமான், அவரைத் திரும்பவும் டிரைவராக்கிவிட்டிருந்தது. "வீட்டு பஸ்ஸத்தான் நீ சரியா செஞ்சு தரல, ரோட்டு வேன் நல்லாத்தான் இருக்கு" என்று வேறு என்னைக் கிண்டல் செய்தார்.

கடைசி முயற்சியாக, பெடல்களைச் சோதிக்கும் சாளரத்தைத் திறந்து பார்க்கும்படி அந்தப் புண்ணியவான் எழுதியிருந்தார். அதில் விளையாட்டு கிடையாது, படம் கிடையாது. ஒவ்வொரு பெடலுக்கும் ஒரு பட்டை, மிதிக்க மிதிக்க உயரும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் திறந்தேன். நான் பிரேக்கை மிதித்தேன். பிரேக் பட்டை மட்டும் உயர்ந்தது. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். அதன் பட்டை மட்டும் உயர்ந்தது. ஒரு பிசகும் இல்லை. அப்பாவைக் கூப்பிட்டேன்.

"பிரேக்க மிதிங்கப்பா."

இரண்டு பட்டைகளும் உயர்ந்தன.

"இன்னொருக்கா மிதிங்க."

இரண்டும் சேர்ந்தே உயர்ந்தன. நான் மேசைக்கு அடியில் குனிந்தேன். அப்பாவின் வலது பாதம் இரண்டு பெடல்கள்மீதும் குறுக்காகக் கிடந்தது. "நான் பிரேக்கத்தானே மிதிக்கிறேன்" என்றார் மேலேயிருந்து. அவர் கீழே பார்க்கவில்லை. அத்தனை வருஷமும் ஒருநாள்கூடக் கீழே பார்த்து பிரேக் பிடித்தவர் இல்லை.

நான் எழும்பியபோது அப்பா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியைத் தள்ளிக் குனிந்து தன் காலைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் பாதத்தைத் தூக்கி பிரேக்கின்மேல் வைத்தார். நிமிர்ந்து, காலை எடுத்து, மறுபடி மிதித்தார். இரண்டு பட்டைகளும் உயர்ந்தன.

"இது பொய் சொல்லுதா புள்ள?" என்றார்.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். லினக்ஸில் இதெல்லாம் சகஜம், முழு ஆதரவு இல்லை, நாளைக்குச் சரிசெய்கிறேன் என்றால் எங்கள் வீட்டில் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டார்கள். பிழை அதில்தான் இருக்கவேண்டும் என்று நானும் அந்த நேரத்தில் மனதார வேண்டினேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"இல்லப்பா. சரியாத்தான் காட்டுது."

அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "பின்னால பிள்ளைங்க இருப்பாங்களே" என்றார். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை. பிறகு எழும்பி வெளியே போய் வேனுக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா டீயோடு போனார். நான் போகவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவர் வழக்கம்போலக் குளித்து, சட்டை மாற்றி, விபூதி வைத்துக்கொண்டு வந்தார். வேனின் இடதுபக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். "நீ ஓடு" என்றார். என்னிடம் லைசன் இருந்தும் அந்த வேனை அதுவரை அவர் தொடவிட்டதில்லை. என் வகுப்பு தொடங்குவதற்குள் பிள்ளைகளை இறக்கிவிட நேரம் இருந்தது.

பிள்ளைகள் ஏறினார்கள், ஐயா ஏன் இந்தப் பக்கம் என்று கேட்டார்கள், பிறகு தங்கள் கதைக்குப் போனார்கள். அப்பா ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். வழியில் பொருத்தமில்லாத இடத்தில் ஒரு தனியார் பஸ் எங்களைத் தாண்டி வெட்டிக்கொண்டு வந்து நின்றது. நான் பிரேக்கை அழுத்தினேன். வேன் நின்றது. பின்னால் பிள்ளைகளின் பைகள் சரிந்தன. பஸ் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும்வரை காத்திருந்தோம். பக்கத்தில் பார்த்தேன். அப்பாவின் வலது கால் முன்னால் நீண்டு, வெறும் தரைவிரிப்பை முழுப்பலத்தோடு மிதித்துக்கொண்டிருந்தது. பஸ் போய்விட்டது, நான் கியர் போட்டு வேனை நகர்த்தினேன், கால் இன்னும் அழுத்திக்கொண்டேயிருந்தது. தான் மிதிப்பது அவருக்குத் தெரியவில்லை.