ஊட்டி பழைய கார் கண்காட்சியும் சுதாவின் சிவப்பு வண்டியும்

பொங்கல் விடுமுறை முடிந்த ஞாயிறன்று ஊட்டியில் பழைய கார் கண்காட்சி என்று சுதா சொன்னதும் கிளம்பிவிட்டேன். கார்களைப் பார்ப்பதைவிட, அவளுடைய காரில் மலையேறும் ஆசைதான் காரணம். சுதா என் கல்லூரித் தோழி. கோவையில் பல் மருத்துவர். கூரையில்லாத, இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய அந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை மூன்று வருடங்களுக்கு முன் வாங்கினாள். இங்கிலாந்தில் பந்தயம் ஓடிய வண்டி என்று விற்றவர் சொல்லியிருந்தார்.

காலை ஐந்தரைக்கு மேட்டுப்பாளையத்தைத் தாண்டினோம். குன்னூர் வழியாக ஊட்டி ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். சாதாரண காருக்கு இரண்டு மணி நேரம். ரேடியேட்டர் ஆற இரண்டு இடத்தில் நின்றதால் எங்களுக்கு மூன்றரை. (இ-பாஸ் முன்பே எடுத்துவிடுங்கள். பழைய கார் என்று சலுகையெல்லாம் கிடையாது.)

ஒரு பள்ளி மைதானத்தில்தான் கண்காட்சி. நுழைவுக் கட்டணம் ஐம்பது ரூபாய். வண்டியைப் போட்டிக்கு நிறுத்திவிட்டு நடுவர்கள் வரக் காத்திருந்தபோது, சேலைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட, எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா எங்கள் வண்டியின் பின்புறத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க, உள்ள கால் வெக்கிற மேட்டைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவீங்களா? அடியில பச்சை பெயிண்ட் இருக்கணும்."

சுதா தூக்கினாள். பச்சை இருந்தது.

அவர் பெயர் ஸ்டெல்லா. குன்னூரில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். "எங்கப்பா எஸ்டேட் ஃபேக்டரில ஃபிட்டருங்க. எஸ்டேட் துரை ஆசைப்பட்டாருன்னு ஒரு சாதாரண காரோட மேல்பாகத்தைக் கழட்டிட்டு, ஃபேக்டரில மிச்சம் கெடந்த பச்சைத் தகட்டுல இந்த பாடியைக் கட்டுனாரு. இந்தப் பின் வளைவை எங்க ஊட்டு வாசல்லதான் தட்டுனாரு."

"வண்டி பேப்பர்ல இங்கிலாந்து கம்பெனிதானுங்க இருக்கு," என்றாள் சுதா. குரல் கொஞ்சம் கடுமையாகவே வந்தது.

"அடிச்சட்டம் அவங்களோடதுதானுங்க. மேல இருக்கறது எங்கப்பாவோடது."

சாதாரண காரின் அடிச்சட்டத்தில் மெல்லிய உடலைக் கட்டிப் பந்தய வண்டியாக்குவது உலகெங்கும் நடந்ததுதான். இறக்குமதி சுலபமில்லாத நம் ஊரில் அதற்குக் காரணமும் இருந்தது. ஆனால் சுதா போட்டியிட்டது, கம்பெனியிலிருந்து வந்தபடியே மாறாமல் இருக்கும் வண்டிகளுக்கான பிரிவில். அவள் டீக்கடைப் பக்கம் போனாள். இதை நாங்கள் சொன்னால் ஒழிய நடுவர்களுக்குத் தெரியப்போவதில்லை. சொல்ல மாட்டாள் என்றே நினைத்தேன்.

திரும்பி வந்தவள் நேராக நடுவர்களிடம் போனாள். வண்டியைப் போட்டியில் சேராத வரிசைக்கு இருவருமாகத் தள்ளினோம். வண்டியின் முன் வைத்திருந்த அறிவிப்பு அட்டையைத் திருப்பி, பேனாவை எடுத்தாள்.

"அப்பா பேரு சொல்லுங்க டீச்சர்."

"சாமுவேல். துணைக்காலைத் தெளிவாப் போடுங்க." கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: "எங்களை ஒரு நாளும் இதுல ஏற விட்டதில்லீங்க. துரை வண்டியாச்சே."

கார்களின் வரலாற்றை நாம் கம்பெனி பெயராகவும் வருடமாகவும் படித்துப் பழகிவிட்டோம். அன்று மாலை வரை அந்த அட்டையின் முன்தான் கூட்டம் அதிகம் என்று சொல்ல ஆசை. அப்படியில்லை. பரிசு வாங்கிய வண்டியைத்தான் எல்லோரும் சுற்றி நின்றார்கள். சுதாவுக்கு வருத்தம் இல்லாமலும் இல்லை.

அடுத்த முறை போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. கம்பளி அவசியம். ஊட்டியிலிருந்து குன்னூருக்கு அடிக்கடி பேருந்து உண்டு, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். நான் அதில்தான் மலையிறங்கினேன். வண்டியில் என் இடத்தில் டீச்சர் உட்கார்ந்திருந்தார். கேத்தி அருகே எங்கள் பேருந்தை அவர்கள் முந்தினார்கள். ஜன்னலிலிருந்து கையசைத்தேன். டீச்சர் பார்க்கவில்லை. கையைக் கதவுக்கு வெளியே விட்டு, ஓடும் வண்டியின் தகட்டில் உள்ளங்கையைப் பதித்திருந்தார்.