கொண்டை மைனாவும் ஏழு பையர்களும்

யாரோடு பேசினாலும் மருதாசலத்தின் விரல்கள் எதிரே நிற்பவரின் சட்டைக் கையோரத்துக்குப் போய்விடும். தொங்கும் நூலைக் கிள்ளி எறிந்த பிறகுதான் "சொல்லுங்க சாமி" என்பார். தாலி கட்டக் குனிந்த மாப்பிள்ளையின் முதுகில் ஒரு நூலைக் கண்டு இழுத்து, தையல் பிரிந்து, பெண் வீட்டாரிடம் ஏச்சு வாங்கியும் பழக்கம் விடவில்லை. பனியன் கம்பெனியில் தரம் பார்ப்பது அவர் வேலை. குறை கண்ட இடத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். அவர் "ரிஜெக்ட்டுங்க" என்றால் முதலாளிகூட மறுபேச்சுப் பேசமாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பறவை பார்ப்பார். போன மார்கழியில் பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு குளக்கரையில் மைனா ஒன்றைக் கண்டார். உடம்பெல்லாம் கறுப்பு, மூக்குக்கு மேலே சிலிர்த்த கொண்டை. சீனத்துப் பக்கத்துப் பறவை என்றது படப்புத்தகம். நம் நாட்டுப் பறவைப் பட்டியலில் அது இல்லை. ஏறினால், முதலில் கண்டவர் என்று அவர் பெயரும் கூடவே ஏறும்.

பட்டியலில் ஏற்றுவது ஏழு பேர் கொண்ட தேசியக் குழு. படம் கேட்பார்கள், பார்த்த இடத்திலேயே எழுதிய குறிப்பு கேட்பார்கள். வேறு பறவையாக இருக்குமோ, கூண்டிலிருந்து தப்பி வந்ததோ என்று ஒவ்வொருவரும் தனித்தனியாகத் துருவுவார்கள்.

"ஏழு பேரும் ஒருத்தருக்கொருத்தரு கலந்துக்காம பாப்பாங்களாமா. நம்ம சரக்கு வாங்கற வெளிநாட்டுப் பையரே பரவால்ல புள்ள, ஒருத்தரு ஓகேன்னா சரக்கு கப்பலேறிரும்" என்று மனைவி சுப்புலட்சுமியிடம் பெருமூச்சு விட்டார்.

சுப்புலட்சுமி அவர் எடுத்து வந்த படத்தைப் பார்த்தார். "ஏனுங்க, காக்காய்க்கு ரெக்கையில சுண்ணாம்பு பட்டாப்பல இருக்குது. இதுக்கா ஏழு பேரு?"

மருதாசலம் குறிப்பு எழுதி அனுப்பினார். 'பாடி முழுக் கறுப்பு. ஸ்லீவில் வெள்ளைப் பட்டை. காலர் கிடையாது. சைஸ் மீடியம். தங்கள் மேலான அப்ரூவலை எதிர்நோக்கி.' குழுவின் செயலாளர் சத்யப்பிரியா, ஸ்லீவ் என்பது இறக்கைதானா என்று பணிவாகக் கேட்டு எழுதினார். அடுத்த கடிதத்தில்தான் இடி. வலது காலில் பச்சையாக ஏதோ தெரிகிறது, வளர்ப்பவர்கள் மாட்டும் வளையமா?

"வளையமா!" கொதித்துப் போனார். "இது திருப்பூருங்கறது அவங்களுக்குத் தெரியுமா? இங்க காக்கா கால்ல நூலு, கோழி கால்ல நூலு, நாய் வால்லகூட எலாஸ்டிக்கு சுத்திக் கெடக்குது." அது துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் நூல்தான், நிறத்தைக்கூடச் சொல்ல முடியும், பாட்டில் கிரீன் என்று பதில் எழுதினார்.

நால்வர் நம்பினார்கள், மூவர் நம்பவில்லை. முடிந்தால் இன்னொரு படம் என்று கடிதம் வந்தது.

மறுபடி குளக்கரைக்குப் போனார். வண்டியை நிறுத்தியதுதான் தாமதம், மைனா விர்ரென்று வந்து கண்ணாடி மேல் உட்கார்ந்தது. அவரை ஏற இறங்கப் பார்த்து, "பையா! பையா!" என்றது.

பேரன் எடுத்த ஆளைப் பையா என்பதா என்று முதலில் ரோஷம் வந்தது. பிறகுதான் உறைத்தது. கம்பெனியில் வடநாட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிடுவது அப்படித்தான். சீனத்துக் காட்டில் வளர்ந்த பறவைக்கு இந்தி எப்படித் தெரியும்? குனிந்து காலைப் பார்த்தார். முடிச்சில்லை, பிசிறில்லை. வழவழவென்று பிளாஸ்டிக் வளையம்.

வீட்டுக்கு வந்தவர் முகத்தைப் பார்த்தே சுப்புலட்சுமி விஷயத்தைக் கறந்துவிட்டார். "நீங்க சொல்லாட்டி ஆருக்குத் தெரியப் போகுது? நூலுன்னே இருக்கட்டுமுங்க."

"அந்த ஏழு பேருக்குத் தெரியாது. எட்டாவதா நான் பாத்துட்டனே புள்ள."

செல்போனை எடுத்தார். குழுவுக்கு இரண்டே வரி தட்டினார். 'வளையம்தான். பீஸ் ரிஜெக்ட்.'

இன்றைக்கும் அந்த மைனா நாட்டுப் பட்டியலில் இல்லை. குழுவின் இணையப் பக்கத்தில், 'கூண்டிலிருந்து தப்பியவை' என்ற தலைப்பின் கீழே, 'கண்டவர்: மருதாசலம், திருப்பூர்' என்று ஒரு வரி இருக்கிறது. டீக்கடையில் தெரிந்தவர் எவரைக் கண்டாலும் செல்போனை நீட்டி அந்த வரியைக் காட்டுகிறார். அவருடைய கட்டைவிரல் மட்டும் தலைப்பின் மேல் கச்சிதமாகப் படிந்திருக்கிறது.