பக்கம் முடியாமல் பச்சைத்தண்ணீர் இல்லை

திண்டிவனத்தில் என் அச்சகத்தில் உட்கார்ந்து ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்துக்கொண்டிருந்தேன். விழுப்புரம் பஸ்ஸில் வந்து இறங்கிய ஏழுமலை வாசலோடு நின்றுவிட்டான். என் நண்பன் கோதண்டபாணியின் மைத்துனன். "மாமா பூட்டாருங்க" என்றான். எப்போது, எப்படி என்றெல்லாம் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. "சாப்பிட்டானா?" என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தவன், பிறகு புரிந்துகொண்டு இல்லையென்று தலையாட்டினான். ஏழெட்டு மாதமாக இந்தச் சேதிக்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன்.

உங்களில் பலருக்குக் கோதண்டபாணி விழுப்புரம் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. சிலருக்கு நாவலாசிரியன். எனக்கு அவன் சேர்ந்து ஊர் சுற்றிய கூட்டாளி. ஐம்பதுகளில், வாலிப வயதில், நாங்கள் எழுதியதைவிட, எழுதப்போவதாக அளந்ததுதான் அதிகம். ஒரு பங்குனி உத்திரத்துக்கு மயிலம் முருகனைப் பார்க்கப் போயிருந்தோம். மலையேறி இறங்கியதும் பாணி சொன்னான்: "நேர்ந்துக்கினேன்யா. இனிமே காலையில ஒரு பக்கம் எழுதாம பச்சத்தண்ணி தொட மாட்டேன்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஊரார் பிள்ளைவரத்துக்கு நேர்ந்துகொள்கிற மலையில் இவன் பக்கத்துக்கு நேர்ந்துகொண்டு வருகிறானே என்று பஸ் முழுக்கக் கிண்டல் செய்தேன்.

ஆனால் நேர்த்திக்கடன் பலித்தது. விடிந்ததும் உட்காருவான், ஏழு மணிக்குள் பக்கம் முடிந்துவிடும், கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு டியூட்டிக்குப் போவான். மழையானாலும் காய்ச்சலானாலும் அதில் மாற்றமில்லை. அப்படியே இரண்டு நாவல்களை எழுதி முடித்தான். எழுத வரவில்லை என்று நான் மூக்கால் அழுதபோதெல்லாம் ஒரே பதில்தான்: "வந்தா ஒக்காரலாம்னு இருக்காதய்யா. ஒக்காந்தா வரும்." அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நானும் கதைகள் எழுதினேன்.

பிறகு சர்க்கரை வியாதி வந்தது. மாத்திரையில் அடங்காமல் ஊசிக்குப் போனது. காலையில் கம்பவுண்டர் வீட்டுக்கு வந்து ஊசி போடுவார். போட்ட அரை மணிக்குள் வயிற்றுக்கு ஏதாவது போயாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கி ஆளையே சாய்த்துவிடும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவன் கேட்டுக்கொண்டு வந்து, ஊசி போட்ட கையோடு பேனாவை எடுத்தான். மூன்றாவது நாவல் வேறு சண்டித்தனம் செய்தது. ஏழு மணிக்கு முடிந்த பக்கம் எட்டுக்குப் போனது, ஒன்பதுக்குப் போனது. அவன் மனைவி கமலம் கூழ்ச் செம்போடு கதவோரம் நிற்பாள். அவன் எழுதும்போது யாரும் கூப்பிடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். வெளியே பனி கொட்டுகிறது, அவன் சட்டை வேர்வையில் தொப்பலாக நனைந்திருக்கிறது. எட்டிப் பார்த்தேன். எழுதிய வரியையே மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருந்தான். "பாணி" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். சத்தியமாகச் சொல்கிறேன், நான் யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. கமலம் ஓடிவந்து வாயில் சர்க்கரையைத் திணித்தாள். கண் தெளிந்ததும் அவன் சொன்னது, "ஐயையோ, பக்கம் போச்சே!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "பாழாப்போன பக்கம்! உசிரு போனா எவன்டா எழுதுவான்? சாப்பிட்டுட்டு எழுது, இல்லாட்டி அரைப் பக்கத்தோட எழுந்திரு" என்று கத்தினேன். அவன் சாந்தமாகச் சொன்னான்: "இன்னிக்கி அரைப் பக்கம்னா நாளைக்கி கால் பக்கம். அப்பால ஒண்ணும் இருக்காதுய்யா."

கமலம் யாரிடமும் சொல்லாமல் மயிலம் போனாள். புருஷன் நேர்ந்துகொண்டதிலிருந்து அவனை விடுவிக்கச் சொல்லி, தன் முடியைக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டு மொட்டைத் தலையோடு வந்து நின்றாள். எதற்கோ போன நான் அப்போது அவர்கள் வீட்டில் இருந்தேன். "உங்க கடனை நான் தீத்துட்டேங்க. இனிமே சாப்டுட்டு எழுதுங்க" என்று பிரசாதத்தை நீட்டினாள். பாணியின் கண் கலங்கியது. இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பிறகு அதை மேஜை ஓரத்தில் வைத்து, "இத முடிச்சிட்டுச் சாப்புடறேன் கமலம்" என்றான். அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இனி இவனை யாராலும் எழுப்ப முடியாது என்று.

கடைசி நாள் நடந்ததைக் கமலம் சொன்னாள். கம்பவுண்டர் ஊசி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இவன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் தலை மேஜைமேல் கவிழ்ந்திருக்கிறது. "அப்பிடித்தாண்ணா அடிக்கடி படுத்துக்கினு யோசிப்பாரு. யோசிக்கிறாருன்னு நெனச்சிக்கினு கூழு செம்ப வெச்சிக்கினு நின்னுக்கினே இருந்தேன். கூழு ஆறிப்போச்சி. கூப்ட்டா கோச்சிக்குவாரேன்னு கூப்டல. நான் கூப்ட்டிருக்கலாம் இல்ல?" என்று என்னைக் கேட்டாள்.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர், எழுத்தே தவமாக வாழ்ந்து எழுதியபடியே உயிர் விட்டார் என்று தழுதழுக்கப் பேசினார். சிலர் கைதட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவனை அறிந்தவர்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இளைஞர்களிடம் அப்படிச் சொல்லாதீர்கள். அவனை எழுதவைத்த பழக்கம் வேறு, அவனைக் கொன்ற பிடிவாதம் வேறு என்று எனக்கும் நினைக்க ஆசைதான். ஆனால் இரண்டும் ஒரே ஆளாக ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தன.

அவனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது காலையில் உட்காருவதை. அதை விடமாட்டேன். ஆனால் என் வீட்டில் ஒன்று சொல்லிவிட்டேன்: நான் எழுதும்போது யாரும், எதற்கும், எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம். நேற்றுக் காலை ஒரு நல்ல வரி பிடிபடுகிற நேரம் பார்த்து அடுக்களையிலிருந்து என் மனைவி கூப்பிட்டாள். பேனாவை மூடிவிட்டு எழுந்து போனேன். என்ன வேண்டும் என்று கேட்டேன். என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். "ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் கூப்டேன்" என்றாள்.