கயிற்றைப் பிடித்தவன் யார்?

இதை எழுதும் நான், ஆத்தூர் சங்கரலிங்கம், தூத்துக்குடியில் தொழில் செய்யும் வழக்கறிஞன். காலஞ்சென்ற ஞானதுரையின் நண்பன். நேரில் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே சொல்கிறேன்.

செவ்வாயன்று நான் சாட்சி ஒருவரை விசாரித்துக்கொண்டிருந்தபோது குமாஸ்தா ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். புதுத் துறைமுக வேலையில் வரைபடக்காரராக இருந்த ஞானதுரை மாரடைப்பால் இறந்துவிட்டார். விசாரணையை ஒத்திவைக்கக் கேட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

அவர் தாள்தாளாக வரைந்து, இரவல் கேமராவில் பிடித்துவந்த கார்ட்டூன் படம் ஒன்று முடிவடையாமல் நின்றது. சங்கு குளிக்கப் போனவன் மறைகிறான். அன்றே வேற்றுக்கிரகத்தான் ஒருவன் இறங்குகிறான். ஊர் அவனைச் சந்தேகிக்கிறது. இத்தகைய கதைகளின் வழக்கங்கள் யாவும் அதில் இருந்தன. முதலில் நாய் குரைக்கும். பார்த்தவன் சொல்வதை எவரும் நம்பார். வந்தவனுக்குத் தலை பெரிது. “மேலேருந்து வாரவன் எல்லாக் கதையிலயும் ஏன்வே நம்மளப் பிடிக்கவே வாரான்?” என்று அவரே சிரிப்பார். ஆயினும் அவர் முதலில் எண்ணியிருந்த முடிவிலும் வேற்றுக்கிரகத்தானே குற்றவாளி.

முடிவு நீங்கலான படத்தை ஓர் அந்தியில் சங்கு குளிப்பவர்களின் தெருவில், பாய்மரத் துணியில் காட்டினோம். கடலுக்குள் மூழ்கும் தம் அக்காள் கணவருக்குப் படகிலிருந்து உயிர்க்கயிறு பிடிக்கும் சவரிமுத்து இரண்டாம் நிமிடத்திலேயே எழுந்தார்.

“அண்ணாச்சி, நிப்பாட்டுங்க! கயிறு பிடிக்கானே, அந்த மீசைக்காரன் யாரு? மச்சினனா?”

“இல்லப்பா, சும்மா ஒரு ஆளு.”

“அப்ப அவன்தான் கள்ளன்! அக்கா தாலிய நெனைக்காதவன் கையில எவன் கயிறக் குடுப்பான்?”

“ஏளா, ஆகாசத்துக்காரன் பாவம்ளா!” என்றது பின்னாலிருந்து ஒரு பெண்குரல். தெருவே சிரித்தது.

மனைவியின் சகோதரன் கயிறு பிடிக்கும் அந்த வழக்கம் கடலோரமில்லாத நாசரேத் ஊர்க்காரரான ஞானதுரைக்குத் தெரியாது. மீசைக்காரனை மட்டும் மச்சினனாக மாற்றிவிடலாம், சில தாள்கள்தானே என்று ஆலோசனை கூறினேன்.

“சாட்சி உண்மையச் சொல்லிட்டான். நீரு சாட்சியத் திருத்தச் சொல்லுதீரு! முடிவத்தான்வே மாத்தணும்.”

மாற்றினார். புதிய முடிவில் மீசைக்காரனே குற்றவாளி. மறைந்தவனைத் தேடி வேற்றுக்கிரகத்தான் கடலில் இறங்குகிறான். அதுவரை அவனைக் கல்லெறிந்து துரத்திய, மறைந்தவனின் மச்சினன், வேற்றுக்கிரகத்தானின் கயிற்றைத் தன் கையில் வாங்குகிறான். அந்தக் கையை வரையுமுன் ஞானதுரை போய்விட்டார்.

அடக்கத்துக்கு மறுநாள், அவருடைய பென்சில் கோடுகள்மேல் மை தீட்டிவந்த மனைவி எஸ்தர் அம்மாள், வெற்றுத் தாள்களை மேசையில் வைத்தார். எனக்கு வரையத் தெரியாது என்றேன்.

“எனக்குத் தெரியும். ஒரு கைதான் வேணும்.”

துக்கம் கேட்க வந்திருந்த சவரிமுத்து சட்டைக்கையை மடித்தார். “இதப் பாத்து வரைங்கக்கா. முடியுறமட்டும் வாரேன்.”

கயிறு இறுகினால்தான் கைநரம்பு தெரியும். ஆகவே தினமும் மாலையில் மறுமுனையை இழுத்துப் பிடிப்பவன் நான். ஞானதுரையிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அந்த முனை. கடைசித் தாள் முடியும்வரை அதை விடமாட்டேன் என இதன்மூலம் உறுதி கூறுகிறேன்.

(ஒப்பம்) ஆ. சங்கரலிங்கம்

சாட்சிகள்:
எஸ்தர் ஞானதுரை
சவரிமுத்து